தாய்ட வயித்துல தொடங்குற சுகர்: ஆராய்ச்சிக் காசு எங்கட கிழக்குக்கும் வரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல சுகர் வருத்தத்த பத்தி அடிக்கடி எழுதுறீங்க, சீனிய குறைங்க, நடங்க, சோத்த அளந்து சாப்பிடுங்க எண்டு. நல்ல விசயம்தான். ஆனா எங்கட பக்கத்து ஆஸ்பத்திரில கிளினிக் நாள்ல போய் பாருங்க, வரிசைல குந்தியிருக்கிறவங்கள்ல எத்தினயோ பேர் வயல்லயும் ஆத்துலயும் பாடுபட்டு மெலிஞ்ச ஆக்கள். இவங்களுக்கு ஏன் நாப்பது வயசுக்குள்ளயே சுகரும் பிரஷரும் வருது எண்டு கேட்டா, சாப்பாட்ட குறைங்க எண்டு சொல்லி முடிக்க ஏலாது. அதுக்கு ஒரு காரணம் அவங்க பொறக்க முன்னமே தொடங்கியிருக்கலாம்.

ஜீன் தாய் தகப்பன்ட்ட இருந்து வாறது, அத நாங்க மாத்த ஏலாது, ஆனா எந்த ஜீன் எப்ப எவ்வளவு வேலை செய்யணும் எண்டத ஒடம்பு கட்டுப்படுத்துது. ஜீன் இருக்குற டிஎன்ஏல மெதைல் எண்ட சின்ன இரசாயனத் துண்டு ஒண்டு ஒட்டினா அந்த இடத்து ஜீன் பெரும்பாலும் அடங்கிரும். அந்த மெதைல் கிடைக்க ஃபோலேட், பி12, கோலின் மாதிரி சத்து சாப்பாட்டால வரணும், எண்டா கீரை, பருப்பு, முட்டை, மீன். 2003ல அமெரிக்கா டியூக் யுனிவர்சிட்டில கர்ப்பமான எலிகளுக்கு இந்த சத்துகள கூட்டி குடுத்தாங்க, மஞ்சளா பொறக்கக்கூடிய குட்டிகள்ல கனக்க கபில நிறமா பொறந்திச்சு. ஜீன் அதேதான், தாய் திண்டதுதான் வேற, அதால மஞ்சளாக்குற ஜீன்ல மெதைல் கூடி அது அடங்கிருச்சு.

மனுசருக்கும் ஆதாரம் இருக்கு. 1944, 45 குளிர்காலத்துல நெதர்லாந்துல ஜேர்மன்காரன் சாப்பாட்டு வழிய மறிச்சு சனம் பட்டினில செத்திச்சு. அந்த நேரம் கருவுல உருவாகிக்கொண்டிருந்தவங்கட ரத்தத்த அறுவது வருசத்துக்கு பிறகு எடுத்து, பஞ்சத்துல மாட்டாத அவங்கட சொந்த அக்கா தங்கச்சி, அண்ணன் தம்பியோட ஒப்பிட்டு பாத்தாங்க. வளர்ச்சியோட சம்பந்தப்பட்ட ஐஜிஎஃப்2 எண்ட ஜீன்ல மெதைல் குறைவா இருந்திச்சு. 2008ல அந்த முடிவு வந்திச்சு. இத செய்ய முடிஞ்சதுக்கு முக்கியமான காரணம், அங்க ஆஸ்பத்திரி பிரசவ பதிவுகள எறியாம வச்சிருந்தாங்க.

இப்ப எங்கட இலங்கைக் கிழக்குக் கதைக்கு வாறன். 1978 நவம்பர் 23 சூறாவளி. 1990ல போரால ஊர் ஊரா இடம்பெயர்வு. 2004 சுனாமி. 2006, 2007ல போரால மட்டக்களப்புல வாகரையும் படுவான்கரையும் சனமில்லாம வெறுமையான காலம். 2022ல சாமான் விலை ஏறி கர்ப்பிணித் தாய்மாருக்கு முட்டை கூட எட்டாத காலம். இந்த ஒவ்வொரு காலத்துலயும் வயித்துல புள்ளைகள் இருந்திச்சு. சூறாவளி நேரம் வயித்துல இருந்தவங்க இப்ப நாப்பத்தஞ்ச தாண்டிட்டாங்க, சுகர் வாற வயசு. அவங்களுக்கு முந்திப் பொறந்த கூடப்பிறப்பும் அதே வீட்டுல இருக்கு. நெதர்லாந்துல செஞ்ச ஒப்பீட்ட இஞ்சையும் செய்யலாம், ஆனா இத செய்யணும் எண்டு யாரும் காசு வச்சத நான் காணல்ல.

வெளிநாட்டு முடிவ அப்பிடியே எடுத்து எங்களுக்கு சொல்லவும் ஏலாது. இந்தியால புனே பக்கத்து கிராமங்கள்ல கேஇஎம் ஆஸ்பத்திரி டொக்டர் யாஜ்னிக்கும் ஆக்களும் தாய்மாரையும் புள்ளைகளையும் வருசக்கணக்கா பின்தொடர்ந்தாங்க. கர்ப்பத்துல ஃபோலேட் கூடவும் பி12 குறைவாவும் இருந்த தாய்மார்ட புள்ளைகளுக்கு ஆறு வயசுலயே இன்சுலின் சரியா வேலை செய்யாம போற அறிகுறி கூட இருந்திச்சு. அங்க மரக்கறி மட்டும் சாப்பிடுற ஆக்கள் கனக்க, அதால பி12 குறைவு. எங்கட தாய்மார் ஆத்து மீனும் றாலும் தயிரும் சாப்பிடுறவங்க, கிளினிக்ல ஃபோலேட் குடுக்குற ஃபோலிக் அசிட் குளிசையும் எடுக்கிறவங்க, அப்ப எங்கட புள்ளைகள்ட நிலை எப்பிடி? புனே ரத்தத்துல அதுக்கு பதில் இல்ல. ஆபிரிக்கால காம்பியால மழைக்காலத்துல உருவான புள்ளைக்கும் கோடைல உருவான புள்ளைக்கும் சில ஜீன்கள்ல மெதைல் வித்தியாசம் எண்டு 2014ல கண்டாங்க, தாய்ட சாப்பாடு காலத்தோட மாறுறதால. படுவான்கரைல வெள்ளாமை வெட்டின மாதத்துல வீட்டுல இருக்குற சாப்பாடும், மாரில கூலி வேலை இல்லாம தண்ணிக்குள்ள கிடக்கக்குள்ள இருக்குற சாப்பாடும் ஒண்டா?

ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் சேந்து சாப்பாடும் ஜீன் கட்டுப்பாடும் எண்டு இந்த ஆராய்ச்சிக்கு காசு ஒதுக்கியிருக்காங்க, கனடால இருக்குற எங்கட சனத்துட வரிக்காசும் அதுக்குள்ள போயிருக்கு. நல்லது, இன்னும் குடுக்கட்டும். ஆனா பட்டினியும் போரும் கண்ட சனம் வாழுற நாடுகள வெளில விட்டுட்டு, வசதியா சாப்பிடுறவங்கட ரத்தத்த மட்டும் பாத்தா அரைவாசி உண்மைதான் கிடைக்கும். இது என்ஜிஓக்காரங்க ஆறு மாசம் ஃபோம் நிரப்பிட்டு போற வேலையும் இல்ல. பட்டினி, பயம், வறுமை எல்லாம் ஒண்டா வந்த இடத்துல சாப்பாட்டால வந்தது எது எண்டு பிரிச்சு எடுக்க இருவது வருசமாவது விடாம பின்தொடரணும், அதுக்கு உறுதியான காசு வேணும். நடத்துறது எங்கட ஆக்களா இருக்கணும், புனேல அப்பிடித்தான் நடந்திச்சு. வந்தாறுமூலை கேம்பஸ், ஒலுவில் கேம்பஸ், மட்டக்களப்பு டீச்சிங் ஆஸ்பத்திரி எல்லாம் இருக்குதானே. ரத்தம் எடுக்கிறதுக்கு முன்ன தாய்க்கு தமிழ்ல வடிவா விளங்கப்படுத்தி சம்மதம் எடுக்கணும், மாதிரிகள பிளேன்ல ஏத்திட்டு முடிவ எங்களுக்கு சொல்லாம விடக்கூடாது.

ஃபேஸ்புக்ல ஜீன திருத்துற பவுடர் எண்டு விக்கிறவங்கள தயவுசெஞ்சு நம்பாதீங்க, ஒரு ஆள்ட ஜீன பாத்து இத சாப்பிட்டா சுகர் வராது எண்டு சொல்ற இடத்துக்கு விஞ்ஞானம் இன்னும் வரல்ல. தாய்மார குறை சொல்லவும் இத பாவிக்க வேணாம், பஞ்சம் அவங்க விரும்பி எடுத்தது இல்ல.

மாகாண சுகாதார திணைக்களத்துட்ட ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு காசு வர வருசமாகலாம். அதுக்கிடைல எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபீஸ்கள்லயும் பழைய ஆஸ்பத்திரிகள்லயும் கிடக்குற கர்ப்பிணிப் பதிவு, பிரசவப் பதிவு, புள்ளைட நிறை எழுதின அட்டை எதயும் கறையான் திங்க விடாம, எரிக்காம, ஸ்கேன் பண்ணி வைக்க இந்த வருசமே தொடங்குங்க.

இப்படிக்கு,
ஏஎல் உயிரியல் படிப்பிக்கிற ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி