பள்ளிப் பூட்டுகள் மாற்றும் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளியின் பூட்டுகளை மின்னணுச் சாவி முறைக்கு மாற்றும் பணி முடிந்துவிட்டது. வகுப்பறைகள், ஆய்வகங்கள், அலுவலகம், முன்வாசல் எல்லாமே இப்போது புதிய முறையில்தான் திறக்கின்றன.

ஏன் மாற்றினோம் என்பது அலுவலகத்துப் பழைய சாவிப் பலகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேதியியல் ஆய்வகத்தின் கொக்கியில் பச்சை நூல் கட்டிய சாவி ஒன்று தொங்கும். அதற்கு எத்தனை நகல் வெளியே இருக்கிறது என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அமில பாட்டில்கள் இருக்கும் அறை அது. அன்று தீர்மானித்ததுதான் இந்த வேலை.

அறைக் கதவுகளின் புதிய பூட்டுக்கு மின்கம்பி இழுக்கவில்லை. கதவில் புதிதாகத் துளையும் போடவில்லை. பூட்டின் உள்ளே இருந்த சிலிண்டரை, அதாவது சாவி நுழைந்து திரும்பும் உருளையை, மட்டும் கழற்றி மாற்றினோம். பேட்டரி சாவியில் இருக்கிறது. சாவியை நுழைத்ததும் சிலிண்டருக்கு அதிலிருந்து மின்சாரம் போகிறது. இந்தச் சாவிக்கு இந்தக் கதவில், இந்த நேரத்தில் அனுமதி உண்டா என்று சரிபார்த்த பிறகே பூட்டு திரும்பும். எந்தச் சாவி எப்போது திறந்தது என்பதும் பதிவாகிவிடும். சாவி யார் கையில் இருந்தது என்பதைப் பூட்டு அறியாது. அதனால்தான் சாவியை இரவல் கொடுக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

சாவி தொலைந்தால் உடனே செல்லாமல் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கம்பி இணைப்பு இல்லாத பூட்டுக்குச் செய்தி தானாகப் போய்ச் சேராது. ஆகவே ஒவ்வொரு சாவிக்கும் 24 மணி நேர ஆயுள்தான் வைத்திருக்கிறோம். காலையில் அலுவலகச் சுவரில் உள்ள பெட்டியில் செருகிப் புதுப்பித்தால்தான் அன்றைக்கு வேலை செய்யும். சற்றுத் தொந்தரவுதான். ஆனால் தொலைந்த சாவி மறுநாளுக்குள் வெறும் இரும்பாகிவிடும். அதற்குள்ளும் ஆபத்து என்று தோன்றினால், அந்த அறைக்கு நாமே போய் சிலிண்டரில் தடையைப் பதிய வேண்டும். எனவே சாவியைக் காணோம் என்றால் தயங்காமல் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நாங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த அறையிலும் உள்ளிருந்து வெளியே வரச் சாவி தேவையில்லை. கைப்பிடியை அழுத்தினால் போதும். முன்வாசலில் மட்டும் காந்தப் பூட்டு; மின்சாரம் இருக்கும்வரை காந்த விசையால் கதவைப் பிடித்து வைத்திருக்கும். தீ எச்சரிக்கை ஒலித்தால் அது தானாக விடுபடும். மின்சாரம் போனாலும், துணை பேட்டரி தீர்ந்ததும் விடுபட்டுவிடும். அப்போது காவலர் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். குழந்தைகள் உள்ளே சிக்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்றே முடிவெடுத்தோம்.

வேலை இழுத்துக்கொண்டு போனது நூலக அறையில்தான். சாவி திரும்பவே இல்லை. சிலிண்டர் பழுது என்று இரண்டு முறை மாற்றிப் பார்த்தோம். அப்புறம் தச்சர் வந்து கதவைக் கையால் சற்றே தூக்கிப் பிடித்தார். பூட்டு சுலபமாகத் திரும்பியது. கதவு தொங்கிப்போய், பூட்டின் தாழ்நாக்கு கதவுச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. கீலைச் சரிசெய்ததும் தீர்ந்தது. முதலிலேயே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

திறப்புப் பதிவுகளை ஏதாவது சம்பவம் நடந்தால் மட்டுமே, தலைமை ஆசிரியரும் குழுவில் ஒருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். ஆசிரியர்களின் வருகையைக் கணக்கெடுக்க அவற்றைப் பயன்படுத்த மாட்டோம்.

பழைய சாவி வைத்திருப்பவர்கள் அதை ஒப்படைத்துவிட்டு, புதியதைக் கையெழுத்திட்டு நேரில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பணிக் குழு