உன் மகளின் சோதனைக்கு முன்

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஐயெல்ட்ஸ் ஆங்கிலச் சோதனை எடுக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். போன வருடம் முழுக்க எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பஸுக்குத்தானே போகிறாள், அப்படியென்றால் பெரும்பாலும் அதில் அக்கடமிக் என்ற வகையைத்தான் கேட்பார்கள். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டாம்.

எங்கள் சின்னவள் முதல்தடவை மொத்தத்தில் 6.5 எடுத்தாள். உடனே நல்லூருக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். பிறகு பார்த்தால் எழுத்தில் 5.5. அவள் விண்ணப்பித்த இடத்திலோ ஒவ்வொரு பகுதியிலும் 6 வேண்டுமாம். அன்றிரவு பிள்ளை சாப்பிடவே இல்லை.

பாடமாக்கினதுதான் பிழையாய்ப் போனது மச்சான். ரியூசனில் கொடுத்த கட்டுரைகளை வரி தப்பாமல் வைத்திருந்தாள். கேள்வி சற்றுத் திரும்பி வந்தபோதும் அதையே எழுதிவிட்டாள். கேட்டதற்குப் பதில் இல்லையென்றால் புள்ளி விழாது. போதாததற்கு, குறைந்தது 150 சொல்லில் எழுத வேண்டிய முதற்பகுதிக்கே அரை மணித்தியாலம் போய்விட்டது. 250 சொல் கட்டுரைக்குத்தான் இரண்டு மடங்கு பெறுமதி. 60 நிமிடத்தில் 40 நிமிடத்தை அதற்கு ஒதுக்கச் சொல்.

கேட்டலில் ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். இரண்டு சொல்லுக்குள் எழுது என்றால் மூன்றாவது சொல் வந்தாலே பிழை. எழுத்துப்பிழையும் அப்படித்தான். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்க மாட்டார்கள், ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது.

பேச்சுத்தான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. ஒரு தலைப்பைத் தருவார்கள், ஒரு நிமிடம் யோசிக்கலாம், பிறகு இரண்டு நிமிடம் வரைக்கும் தனியே பேச வேண்டும். பின்னேரங்களில் மாமரத்தடியில் போனில் நேரம் வைத்துப் பேசவிட்டேன். 'உனக்குப் பிடித்த நகரம்' என்றதும் லண்டன் என்று தொடங்கி, 40 செக்கனில் நின்றுவிட்டாள். காணாத ஊரைப் பற்றி என்னத்தைச் சொல்வாள்? அடுத்தநாள் அம்மம்மாவைப் பற்றிக் கேட்டேன். பனங்கிழங்கு அவித்துக் கிழித்து முற்றத்தில் காயவிடுவதையும், மழை இருட்டினால் பாயோடு இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவதையும் சொல்லத் தொடங்கினாள். இங்கிலீஷில் அங்கங்கே பிழைதான், ஆனாலும் இரண்டு நிமிடம் முடிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எழுத்திலும் தன் சொந்த யோசனையையே எழுதத் தொடங்கினாள். இரண்டாந்தடவை எழுத்தில் 6.5.

உன் மகள் எழுதும் கட்டுரைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல், சின்னவள் பார்த்துத் திருத்துவாள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேரும் மாமரத்தடியில் இருந்து கதைக்கட்டும்.

அன்புடன்,
ரவி