ஆண்டுதோறும் ஒட்டப்படும் ஒரு பத்தி: அமெரிக்கக் காங்கிரசின் ஒதுக்கீட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரதிநிதிகள் சபை, செனட் ஆகிய இரு அவைகளின் ஒதுக்கீட்டுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மனிதக் கரு ஸ்டெம் செல்களை வளர்த்துப் பேணும் வேலையில் இருப்பவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்கள் இவை. சில நாள் கருவிலிருந்து இவற்றை எடுக்கும்போது அந்தக் கரு அழிந்துவிடும்.

சுகாதாரத் துறைக்கான ஒதுக்கீட்டுச் சட்டத்தில் 1996 முதல் ஆண்டுதோறும் ஒரு பத்தியைச் சேர்த்துவருகிறீர்கள். டிக்கி–விக்கர் திருத்தம் என்று அதற்குப் பெயர். ஆய்வுக்கென்று மனிதக் கருவை உருவாக்கவும், கரு அழியும் அல்லது அதற்கு ஆபத்து நேரும் ஆய்வை நடத்தவும் மத்திய அரசின் பணம் கூடாது என்கிறது அது. அந்தப் பத்தி எழுதப்பட்டபோது, மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லை எடுத்து வளர்க்க யாருக்கும் தெரியாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் அதை உலகுக்கு அறிவித்தது 1998 நவம்பரில். அதற்கும் அரசுப் பணம் ஒரு டாலர்கூடப் போகவில்லை. இந்த அறிவியலை மனத்தில் வைத்து எழுதப்படாத ஒரு பத்திதான் இன்றுவரை இதை ஆள்கிறது. தனிச் சட்டமாக அதை நீங்கள் இயற்றவும் இல்லை, நீக்கவும் இல்லை.

நீங்கள் வாய் திறக்காததால் மற்றவர்கள் முடிவெடுத்தார்கள். செல் என்பது கரு அல்ல, ஆகவே தனியார் பணத்தில் எடுத்த செல்லை அரசுப் பணத்தில் ஆராயலாம் என்று 1999இல் சுகாதாரத் துறையின் சட்ட ஆலோசகர் கருத்துரைத்தார். 2001 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் புஷ் அதற்கு ஒரு தேதிக் கோடு போட்டார்: அன்றைக்கு முன்பே எடுக்கப்பட்ட செல் வரிசைகளுக்கு, அதாவது ஒரு கருவிலிருந்து எடுத்துத் தொடர்ந்து பெருக்கிவரும் செல் தொகுதிகளுக்கு, மட்டுமே நிதி. அறுபதுக்கும் மேல் இருப்பதாகச் சொன்னார். ஆய்வாளர்களின் கைக்கு வந்துசேர்ந்தவை இருபதை ஒட்டியே இருந்தன. அவையும் எலியின் செல்கள் மீது வளர்க்கப்பட்டவை.

அந்தத் தேதிக் கோடு ஆய்வகத்துக்குள் என்ன செய்தது என்பது உங்கள் அவைக் குறிப்புகளில் இராது. புதிய செல் வரிசை எதையேனும் தொட விரும்பியவர்கள் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்க வேண்டியிருந்தது. இன்குபேட்டர் இரண்டு, நுண்ணோக்கி இரண்டு, உறைபெட்டி இரண்டு. அரசு மானியத்தில் வாங்கிய பிப்பெட் முனை ஒன்று தவறிக்கூட அடுத்த அறைக்குப் போகக் கூடாது. சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறதோ அதைப் பொறுத்து ஒருவர் எந்த அறைக்குள் நுழையலாம் என்பது முடிவானது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. ஆராய்ச்சிக்குப் போயிருக்க வேண்டிய பணமும் உழைப்பும் கணக்கைப் பிரித்துக் காட்டுவதிலேயே கரைந்தன. ஹார்வர்டின் டக்ளஸ் மெல்டன் 2004இல் 17 புதிய செல் வரிசைகளை வெளியிட்டார் என்றால், அரசைச் சாராத பணம் அவருக்குக் கிடைத்ததால்தான். அத்தகைய புரவலர் இல்லாத பல்கலைக்கழகங்கள் என்ன செய்திருக்க முடியும்?

காங்கிரஸ் முயலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கருத்தரிப்புச் சிகிச்சையில் மிஞ்சிய கருக்களிலிருந்து எடுத்த செல்களுக்கு நிதி தரும் மசோதாவை 2006 ஜூலையில் செனட் 63–37 என்று நிறைவேற்றியது. மறுநாளே புஷ், மசோதாவை நிராகரிக்கும் அதிபரின் அதிகாரமான வீட்டோவை முதன்முறையாக அதன்மீது பயன்படுத்தினார். 2007இலும் அதே கதைதான். 2009 மார்ச்சில் அதிபர் ஒபாமா ஓர் ஆணையால் பழைய கட்டுப்பாட்டை நீக்கினார். 2010 ஆகஸ்ட் 23 அன்று ஒரு மத்திய நீதிபதி, உங்கள் பத்தியையே காட்டி, இந்த ஆய்வுக்கான அரசு நிதியை நிறுத்திவைத்தார். மருத்துவ ஆய்வுக்கு மத்திய அரசின் நிதியை வழங்கும் தேசிய சுகாதார நிறுவனம் தன் சொந்த ஆய்வகங்களில் இந்த வேலையை மூடச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் செப்டம்பர் 9 அன்று அந்தத் தடையை நிறுத்தியது. நடுவில் இருந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். இந்தச் செல்களுக்குப் பெரும்பாலும் தினமும் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும். கவனிக்காமல் விட்டால் அவை தம் போக்கில் வேறு வகைச் செல்களாக மாறத் தொடங்கிவிடும். பல மாத வேலை குப்பைக்குப் போகும்.

ஐந்து நாள் கருவையும் முழு மனித உயிராகக் கருதும் உறுப்பினர்கள் உங்களிடையே இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். தங்கள் வரிப்பணம் இதற்குப் போவதை அவர்கள் எதிர்ப்பதும் நியாயமான எதிர்ப்பே. ஆனால் அவர்களிடம் நேராகக் கேட்கிறேன்: இந்தப் பத்தி எந்தக் கருவைக் காப்பாற்றியிருக்கிறது? தனியார் பணத்தில் அதே வேலையைச் செய்வதை எந்த மத்தியச் சட்டமும் தடுக்கவில்லை. கருத்தரிப்பு மையங்களின் உறைகலன்களில் ஏறத்தாழ 4 லட்சம் கருக்கள் இருப்பதாக 2003இல் வெளியான கணக்கெடுப்பு சொன்னது. பிள்ளைப்பேற்றுக்கு இனி வேண்டாம் என்று பெற்றோர் முடிவெடுத்த கருக்கள் உருக்கி அப்புறப்படுத்தப்படுகின்றன. அது சட்டப்படி சரி. அதே பெற்றோர் ஆய்வுக்குக் கொடுக்கிறோம் என்று கையெழுத்திட்டால் மட்டும், அதிலிருந்து செல்லை எடுக்கும் வேலைக்கு அரசின் பணப்பை மூடிக்கொள்கிறது.

பணம் வரும் இடத்துக்குக் கண்காணிப்பும் கூடவே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிள்ளைப்பேற்றுக்காக உருவாக்கி மிஞ்சிய கருவாக இருக்க வேண்டும், கொடுப்பவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், அதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்று தேசிய சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள் கறாராகச் சொல்கின்றன. அரசு நிதியைத் தொடாத ஒரு நிறுவனத்தை அவை கட்டுப்படுத்தாது. கலிஃபோர்னிய வாக்காளர்கள் 2004இல் 300 கோடி டாலரும், 2020இல் மேலும் 550 கோடி டாலரும் கடன் பத்திரமாகத் திரட்ட ஒப்புதல் தந்தார்கள். அப்படிச் செய்ய எல்லா மாநிலங்களாலும் முடியுமா?

வயது வந்தவரின் தோல் செல்லையே ஸ்டெம் செல்லாகத் திருப்பும், ஜப்பானிய ஆய்வாளர் யமனாகாவின் முறை வந்துவிட்டதே, இனிக் கரு எதற்கு என்று கேட்பீர்கள். அது மகத்தான கண்டுபிடிப்பு. 2012இல் நோபல் பரிசு பெற்றது. எனினும் அப்படித் திருப்பிய செல் சரியாகத் திரும்பியதா என்பதைக் கரு ஸ்டெம் செல்லோடு ஒப்பிட்டே தெரிந்துகொண்டோம். சிகிச்சையும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. 1998இல் தாம்சன் எடுத்த ஒரு செல் வரிசையிலிருந்து உருவாக்கிய நரம்புச் செல்கள் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் வைக்கப்பட்டு, முதற்கட்ட முடிவுகள் 2025இல் வெளியாயின. முதல் வகை நீரிழிவுக்கான ஸ்டெம் செல் சிகிச்சை ஒன்றில் முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. எதிர்ப்புத் திறனை அடக்கும் மருந்துகளை அவர்கள் தொடர வேண்டியிருக்கிறது, உண்மைதான். அதை வெல்வதற்குத்தான் மேலும் ஆய்வு தேவை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஒதுக்கீட்டு மசோதாவிலிருந்து அந்தப் பத்தியை எடுத்து, தனி மசோதாவாகக் கொண்டுவாருங்கள். நோயாளிகளையும், கருவைக் கொடுத்த பெற்றோரையும், மனசாட்சியின் பேரில் எதிர்ப்பவர்களையும் அழைத்து வெளிப்படையாக விசாரணை நடத்துங்கள். பிறகு பெயர் சொல்லி வாக்களியுங்கள். தடைதான் வெல்லும் என்றால் வெல்லட்டும். அதை யார் விதித்தார்கள் என்பது பதிவாகட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகப் பணியாளர்