கேமரா வந்து சேர்ந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். தம்பி வந்து இறங்கியதும் உன் பையைத்தான் முதலில் என் கையில் கொடுத்தான். கேமரா, இரண்டு லென்ஸ், சார்ஜர் எல்லாம் சரியாக இருக்கின்றன. லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிட்டேன். ஈரம் ஏறினால் ஃபங்கஸ் பிடிக்கும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். பேட்டரியையும் கழற்றித் தனியே வைத்தாயிற்று. "அக்காவுக்கு இனிமே வேண்டாமாம், நீங்களே வச்சுக்கணுமாம்" என்றான். அதற்கு மேல் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை. சொல்லத் தோன்றும்போது சொல்.

உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குத் தூங்குகிறாயா?

நீ அலமாரியில் விட்டுப்போன புகைப்பட வரலாற்றுப் புத்தகங்களைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தவளுக்கு இதில் தெரியாதது நிறைய இருக்கிறது. நீ பென்சிலால் கோடு போட்ட இடங்களில் நின்று நின்று படிக்கிறேன். ஜூலியா மார்கரெட் கேமரன் வரும் பக்கங்களில் கோடு போடாத வரியே இல்லை. அந்த அம்மாவுக்கு 48 வயது. 1863 கடைசியில் மகளும் மருமகனுமாக ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுக்கிறார்கள், தனிமையில் பொழுது போகட்டும் என்று. கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார், கோழிக்கூண்டைக் கண்ணாடிக் கூடமாக மாற்றிப் படம் எடுக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்து வேலை சாதாரணமானதா? கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். விரலெல்லாம் கறை. அடுத்த மாதமே ஒரு சிறுமியை எடுத்து, "என் முதல் வெற்றி" என்று அதில் எழுதிவைத்தார்.

படங்கள் கலங்கலாக இருக்கின்றன, தகட்டில் கீறலும் கைரேகையும் தெரிகின்றன என்று அன்றைய புகைப்பட வல்லுநர்கள் அவரைச் சும்மா விடவில்லை. வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், ஃபோகஸ் என்றால் என்ன, எது சரியான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் நீ மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். 1865இலேயே லண்டனில் சௌத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. அது இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்தான். குறை சொன்னவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்கு நினைவில் நிற்கவில்லை.

ஆனால் ஒன்று, அந்த மகள் தன் கேமராவைக் கைவிட்டு அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. பரிசாகக் கொடுத்தாள். சரி, அது இருக்கட்டும்.

பயார் படத்தைப் பார்த்ததிலிருந்துதான் எனக்கு மனசு சரியில்லை. இப்போலித் பயார், பிரெஞ்சு நிதி அமைச்சகத்தில் குமாஸ்தா. காகிதத்தில் நேரடியாகப் பாசிட்டிவ் படம் வரவைக்கும் முறையைத் தானாகக் கண்டுபிடித்தவர். உலோகத் தகட்டில் படம் வரவைக்கும் முறையைக் கண்டுபிடித்த தாகேர், அதன் ரகசியத்தை உலகத்துக்குச் சொன்னது 1839 ஆகஸ்ட் 19. அதற்கு முன்பே, ஜூன் 24 அன்று, பயார் 30 படங்களைப் பாரிஸில் மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டார். இருந்தும் விஞ்ஞானி அராகோ தாகேர் பக்கம். தாகேருக்கு அரசிடமிருந்து ஆண்டுக்கு 6,000 பிராங்க் ஓய்வூதியம், அவருடைய மறைந்த கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கு 4,000. பயாருக்குக் கருவி வாங்கிக்கொள்ளச் சொல்லி 600 பிராங்க், ஒரே தடவை. மறுவருஷம் அவர் கண்களை மூடி, வெற்றுடம்போடு சாய்ந்து, நீரில் மூழ்கிச் செத்தவராகத் தன்னையே படம் எடுத்துக்கொண்டார். பின்பக்கத்தில், தாகேருக்கு அள்ளிக்கொடுத்த அரசாங்கம் பயாருக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டதால் அந்தப் பாவி தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று எழுதினார்.

நடிப்புதான், தெரியும். புகைப்படத்தில் முதன்முதலாகக் கதை கட்டிக் காட்டியவர்களில் அவர் ஒருவர், கலை வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு என்றெல்லாம் நீ எழுதிவைத்திருக்கிறாய். எனக்கோ வயிறு கலங்கியது. திறமை இருந்தும் திரும்பிப் பார்க்க ஆளில்லாத ஒருவருடைய முகம் அது. உடனே அவர் பிறகு என்ன ஆனார் என்று தேடிப் படித்தேன். 1851இல் பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய பிரெஞ்சு அரசு தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். 1854இல் தொடங்கிய பிரெஞ்சுப் புகைப்படச் சங்கத்தை நிறுவியவர்களிலும் அவர் உண்டு. 1887 வரை உயிரோடு இருந்தார், பாப்பா. செத்தவனாகப் படம் எடுத்துக்கொண்ட பிறகு நாற்பத்தாறு, நாற்பத்தேழு வருஷம். அதைப் படித்த பிறகுதான் நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

தினமும் கொஞ்ச நேரமாவது வெளியே நட. ஜன்னலைத் திறந்து வை. கேமரா இல்லாவிட்டாலும் வெளிச்சத்தைப் பார்க்கலாமே.

அந்தப் போட்டியின் தேர்வுக் குழுவில் ஒருவர் உன்னிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதே. யார் வேண்டுமானாலும் பட்டனை அழுத்தலாம், இதில் கலை எங்கே இருக்கிறது என்றாராம். இது 1859இலேயே சொல்லப்பட்டது. பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் அந்த ஆண்டின் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, புகைப்படம் அறிவியலுக்கும் கலைகளுக்கும் பணிவிடை செய்துகொண்டு தன் இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினார். முழுக்கப் பொய் என்றும் தள்ள மாட்டேன். அச்சு அசலாக இருந்தால் போதும், அதுவே கலை என்று நினைத்த கூட்டத்தின் மேல்தான் அவருக்குக் கோபம். அந்தக் கோபத்தை வகுப்பறையில் நானும் பட்டிருக்கிறேன். ஆனால் அதே போதலேர் நாதார், கார்ஜா என்ற புகைப்படக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். 1865 முடியும் சமயம் பிரஸ்ஸல்ஸில் இருந்துகொண்டு தன் அம்மாவுக்கு எழுதுகிறார், உன் புகைப்படம் ஒன்று எனக்கு வேண்டும் என்று. அச்சு அசலாக இருக்கவேண்டுமாம், ஆனால் சித்திரம்போல் ஒரு மென்மையும் வேண்டுமாம். எடுக்கும்போது தானும் கூட இருக்கவேண்டுமாம், அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாதாம். கலை இல்லை என்று எழுதியவருக்கும் தூரத்தில் இருக்கும் அம்மாவின் முகம் தேவைப்பட்டிருக்கிறது. அதுவும் நல்ல படமாகத் தேவைப்பட்டிருக்கிறது.

உன் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. வீடியோவில் வரும்போதும் நீ கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுகிறாய்.

எமர்சனைப் பற்றி உன் புத்தகங்களில் கொஞ்சம்தான் இருக்கிறது, நீ கோடும் போடவில்லை. அதனால் நான் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. பீட்டர் ஹென்றி எமர்சன் டாக்டருக்குப் படித்தவர். இங்கிலாந்தின் நோர்ஃபோக் சதுப்பு நிலங்களில் நாணல் அறுப்பவர்களையும் படகுக்காரர்களையும் எடுத்தார். அவர் காலத்தில் கலைப்படம் என்றால் பல நெகட்டிவ்களை ஒட்டவைத்துச் செய்வது என்றாகியிருந்தது. ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணைக் காட்டினாரே, அந்த வகை. எனக்கும் அது பிடிப்பதில்லை. ஓவியத்தின் உடையை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருக்கிறது. எமர்சன் அதை உதறினார். கண் எப்படிப் பார்க்கிறதோ அப்படி, பார்க்கும் இடம் தெளிவாகவும் மற்றது சற்றே மங்கியும் எடுத்தால் புகைப்படம் தன் காலிலேயே கலையாக நிற்கும் என்று 1889இல் ஒரு புத்தகமே எழுதினார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். தகட்டைக் கழுவும்போது ஒளி நிழல் அளவுகளைத் தன் விருப்பப்படி கூட்டிக் குறைக்கலாம் என்று அவர் நம்பியிருந்தார். ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1890இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். எவ்வளவு ஒளி பட்டதோ அதற்கு ஏற்றபடிதான் கருமை ஏறும், கழுவுகிறவர் இஷ்டத்துக்கு அந்த விகிதம் மாறாது என்று அளந்து காட்டினார்கள். எமர்சன் இடிந்துபோனார். இயந்திரமும் ரசாயனமும் செய்கிற வேலையில் மனிதனுக்கு என்ன பங்கு என்று கேட்டு, தன் கொள்கை செத்துவிட்டது என்று கறுப்புக் கரை போட்ட சிறு வெளியீடு ஒன்றை அச்சடித்து, புகைப்படம் கலை இல்லை என்று தானே அறிவித்தார்.

இத்தனைக்கும் பிறகு அவர் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. 1895இல் அவருடைய கடைசிப் படத் தொகுப்பு வந்தது. பனி, வெறுமையான நீர்ப்பரப்பு, தூரத்தில் இலையில்லாத ஒன்றிரண்டு மரங்கள். அவர் செய்ததிலேயே சிறந்தது அதுதான் என்பவர்கள் உண்டு, நானும் அதைத்தான் சொல்வேன். பெயர் என்னவாக இருந்தாலும் எங்கே நிற்பது, எப்போது எடுப்பது என்பதை அந்த ரசாயனம் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கலை இல்லை என்று எழுதிய பிறகு அவர் எடுத்தவற்றைத் தேடிப் பார். நிச்சயம் பார். பார்த்தாயா என்று அடுத்த தடவை கேட்பேன்.

இப்போது ஏஐயில் வார்த்தைகளைத் தட்டினாலே படம் வந்துவிடுகிறது, இனி எடுத்து என்ன ஆகப்போகிறது என்று தம்பியிடம் சொன்னாயாம். 2023இல் ஒரு ஜெர்மன் கலைஞர், போரிஸ் எல்டாக்சன், அப்படிச் செய்த படத்துக்கே சோனி உலகப் புகைப்பட விருதுப் போட்டியில் பரிசு கிடைத்தபோது, இதுவும் புகைப்படமும் வேறு வேறு, ஒரே போட்டியில் இருக்கக்கூடாது என்று மறுத்தார். அவர் சொன்னது எனக்குச் சரி என்று படுகிறது. அந்தப் படத்தில் இருக்கும் பெண்கள் எங்கேயும் நின்றதில்லை. நீ எடுத்த உன் பாட்டி அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், அந்த நேரத்து வெளிச்சம் அவர் மேல் பட்டு உன் லென்ஸுக்குள் வந்தது. கையை முகத்துக்குக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தியிருப்பாரே, அந்த ஒன்று. அவர் சிரிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம், நீ அதற்கு முன்பே எடுத்துவிட்டாய். எனக்குக் கோடு போடத் தெரியும், நிழல் போடத் தெரியும். அந்தக் கையை என்னால் வரைய முடியாது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார், நினைவிருக்கிறதா? தேர்வுக் குழு பார்த்தது பார்க்காதது எனக்குத் தெரியாது. அவர் பார்த்தார்.

இதையெல்லாம் நீ பெரிய பெயர் எடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. பெயர் வந்தால் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். நீ வேறு வேலைக்குப் போனாலும் சரி, போட்டிகளுக்கு இனி அனுப்பாவிட்டாலும் சரி. எடுப்பதை மட்டும் விடாதே. போனில் எடுத்தாலும் போதும். நேரத்துக்குத் தூங்கு.

இன்னொன்று, இதற்குத்தான் உண்மையில் உட்கார்ந்து எழுதினேன். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழிக்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம். பாரிஸில் ஒய்ஜென் அட்ஜே என்று ஒருவர், பழைய தெருக்களையும் கடை ஜன்னல்களையும் பெரிய கண்ணாடித் தகடுகளில் எடுத்துக்கொண்டே இருந்தார். ஓவியர்களுக்குப் பார்த்து வரைய ஆவணம் என்றுதான் அவற்றை விற்றார். மான் ரே என்ற கலைஞர் 1926இல் அவர் படங்களை ஒரு பத்திரிகையில் போட முன்வந்தபோது, இவை வெறும் ஆவணங்கள், என் பெயர் போடவேண்டாம் என்றார். மறுவருஷம் இறந்துபோனார். பெரனிஸ் அபாட் என்ற அமெரிக்கப் பெண், அப்போது முப்பது வயதுகூட ஆகாதவள், அவரிடம் மிஞ்சியிருந்த தகடுகளையும் பிரதிகளையும் தேடி வாங்கி, நாற்பது வருஷம் காப்பாற்றி, 1968இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திடம் சேர்த்தாள். அதற்காகத் தன் சொந்த வேலையின் நேரத்தையும் பணத்தையும் கொடுத்தாள். உன் படங்களை அப்படிப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். நீ அவற்றைப் பார்க்க விரும்பவில்லை என்றால் பார்க்க வேண்டாம். இரண்டு நகல் எடு. ஒன்றை உன்னிடம் எங்கேயாவது கண்ணில் படாமல் வை, இன்னொன்றை அடுத்த மாதம் தம்பி வரும்போது அவன் கையில் கொடுத்தனுப்பு. ஃபோல்டர் பெயர்களை மாற்றாதே, எது எந்த வருஷம் என்று எனக்குப் புரியாமல் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். எடு.

அன்புடன்,
அம்மா