செயலாளர் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை தபாலில் போகும்.

தைப்பூசக் காவடி, சித்திரைப் புத்தாண்டு, ஆடிக் கூழ், தீபாவளி எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இவ்வாண்டின் முக்கியப் பணி கரைவலை வகுப்பு: கடலில் வளைத்து விட்டுக் கரையில் நின்று இழுக்கும் வலையைக் கையால் முடியக் கற்றுக்கொடுப்பது. "கடையில் விற்கிற வலையை முடிவானேன்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி, இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் சிலர், ஒப்பந்தம் முடிந்தபின் டர்பன் விரிகுடாவில் சாலிஸ்பரி தீவில் குடியேறி மீன்பிடித்தார்கள். வேறு சிலர் காய்கறி போட்டார்கள்; அந்தத் தொழிலுக்கு வகுப்பு வேண்டியதில்லை. மண்வெட்டி பிடிக்க இன்னும் ஆள் உண்டு. வலை முடியத்தான் ஆள் அருகிவிட்டது.

கண்ணியின் (வலைத் துளையின்) அளவு, முடியும்போது நூல் சுற்றும் சிறு பலகையில் இருக்கிறது. 2 செ.மீ. அகலப் பலகையில் நூலைச் சுற்றி முடிந்தால் இழுத்த கண்ணி 4 செ.மீ. வரும். மீன் சேரும் நடுப்பையான மடிக்கு அது ஆகாது. சார்டின் மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஆகவே மடிக்கு 1 செ.மீ. பலகை. பருத்தி நூலில் ஒற்றை முடிச்சு நிற்கும், நைலான் வழுக்கும். இரட்டை முடிச்சே போட வேண்டும். சொல்லியும் கேளாமல் ஒற்றை போட்ட பகுதியைப் பிரிக்க நேர்ந்தது.

100 மீட்டர் வலையை வலையின் மேல்விளிம்பைத் தாங்கும் 50, 60 மீட்டர் தலைக்கயிற்றில் சுருக்கிக் கட்டுவோம். கயிற்றை மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்னும் சுருக்கினால் வலை தொங்கிச் சுருளும். இழுத்துக் கட்டினாலோ கண்ணி வாய் மூடி, தண்ணீர் போகாமல் கனத்துக் கிழியும். ஈயம் குறைந்தால் அடிக்கயிறு எழும்பி மீன் கீழே ஓடிவிடும், கூடினால் மணலில் புதையும்.

முடிய வந்தவர்கள் பெரும்பாலும் சந்தாப் பட்டியலில் இல்லாத இளைஞர்கள். பட்டியலில் இருப்பவர்களில் பலர் வகுப்புக்கும் வரவில்லை, சந்தாவும் கட்டவில்லை. சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு பாக்கி. பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா என்று கேட்டேன், செயற்குழு வேண்டாம் என்றது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நூலும் ஈயமும் கொஞ்சம் இழுத்துவிட்டன. மற்றவற்றில் பார்த்துச் செலவு செய்ததால் கையிருப்பு அடியோடு கரையவில்லை.

சமையல் பொறுப்பேற்ற மகளிர் அணிக்கும், மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

கரைவலையைக் கடலில் இறக்க அரசு உரிமம் வேண்டும், நம்மிடம் இல்லை. நவம்பர் 16 அன்று மண்டபத்தில் விரித்துக் காட்டலாம். மடியின் இருபுறமும் வரும் கைப்பகுதிகள் முடிந்துவிட்டன, மடி பாக்கி. பழைய சந்தா அதற்குள் வந்தால் நூல் கடன் சொல்ல வேண்டியிராது. செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் விலகத் தயார். வலை ஊசியையும் அவர் கையில்தான் கொடுப்பேன்.