வீடு மறுப்பதும் ஆள் பிடிப்பவர்களுக்கு உதவிதான்

இளைஞர்கள் மதத் தீவிரவாதத்தின் பக்கம் போகாமல் தடுக்கக் கண்காணிப்பை இறுக்கச் சொல்லும் தலையங்கத்தைப் படித்தேன். கண்காணிப்பு வேண்டும்தான். ஆனால், ஆள் பிடிப்பவர்களின் வேலையை எளிதாக்குவது நம் தெருக்களில் நடக்கும் ஒதுக்கல். கோவையில் 1997 இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து மூண்ட வன்முறையில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பு 58 பேரைப் பலிகொண்டது. அந்தப் படுகொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. சரி, அப்புறம் நாம் செய்தது என்ன? குற்றத்தோடு தொடர்பே இல்லாத முஸ்லிம் குடும்பங்களுக்கும் கதவைச் சாத்தினோம்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவருக்காக வீடு பார்க்கப் போனோம். முன்பணம் வரை பேசிவிட்ட உரிமையாளர், பெயரைக் கேட்டதும் "சொந்தக்காரங்க வர்றாங்க சார்" என்றார். மறுவாரமும் 'டு-லெட்' பலகை அங்கேயே தொங்கியது. நல்ல வேலையில் இருக்கும் பையன் தலைகுனிந்து நின்றதை மனம் பொறுக்கவில்லை. 'உனக்கு இங்கே இடமில்லை' என்று தீவிரவாதி ஓதுவதற்கு நாமே சாட்சி சொல்கிறோம். சாதி, மதம் பார்த்து வாடகை வீடு மறுப்பதைத் தடைசெய்யும் பிரிவைத் தமிழக அரசு 2017 வாடகைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். அச்சட்டத்தின்கீழ் உள்ள அதிகாரிகளிடமே புகார் தரவும் வழிசெய்ய வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை