மழை நாளில் மரம் சீவ மாட்டார்கள்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதமும் அதோடு உன் அப்பாவைப் பற்றி எழுதி நீ அனுப்பிய பதினோரு பக்கங்களும் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தன. உடனே பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் ஒரு முறை படித்தேன். அப்புறம் அம்மாவைப் பார்க்க பட்டர்வொர்த்துக்குப் போனபோது ஃபெரியில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது உன் அப்பா எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எல்லாப் பக்கத்திலும் அப்படி இல்லை. எந்தப் பக்கத்தில் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே எல்லாரும் நலம். முட்டிவலி போவதும் வருவதுமாக இருக்கிறது. ஆயர் ஈத்தாம் பசாருக்கு நடந்தே போய் வருகிறேன், திரும்பும்போது மட்டும் பஸ். மகள் சிங்கப்பூரிலேயே இருந்துவிடுவாள் போலிருக்கிறது. அம்மாவுக்கு எண்பத்து நான்கு நடக்கிறது. காது மந்தம், ஆனால் ஞாபகம் கத்தி மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் நடந்ததை எழுதுவது சரியா, அப்பாவின் குடியை எழுதினால் அவருக்குத் துரோகம் செய்ததாகுமா என்று கேட்டிருக்கிறாய். இதற்கு நேராக ஒரு பதில் என்னிடம் இல்லை. போன வருஷம் எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். உன்னிடம்கூட அதை முழுதாகச் சொல்லவில்லை.

அம்மாவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன், பத்திரிகையில் வந்தது, நீயும் படித்துப் பாராட்டினாய். கொட்டும் மழையில் அம்மா ரப்பர் மரம் சீவுகிறாள், பால் பிடிக்கும் மங்கில் பாலோடு மழைத் தண்ணீரும் கண்ணீரும் சேர்ந்து விழுகிறது என்று முடித்திருந்தேன். பலர் அந்தக் கடைசிப் பத்தியைத்தான் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள். அண்ணன் மட்டும் போன் பண்ணி, "அம்மா அழுததை ஊருக்கே சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நான்கு மாதம் பேசவில்லை. நானும் வீம்பாகத்தான் இருந்தேன். என் அம்மா, என் பிள்ளைப் பருவம், நான் எழுதக் கூடாதா என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், அம்மாவின் காதருகே உட்கார்ந்து கதையை உரக்கப் படித்துக் காட்டினேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். கடைசிப் பத்தி வந்ததும் சிரித்தார். "யாருடி மழையில மரம் சீவுனா? பட்டை நனைஞ்சிருந்தா பாலு கோட்டுல நிக்குமா? மரம் பூரா வழிஞ்சு மண்ணுக்குத்தான் போவும்" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. நான் தோட்டத்தில் பிறந்தவள். பன்னிரண்டு வயது வரை லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மர நிரைக்குப் போய் ஒட்டுப்பால் உருவியிருக்கிறேன். உளி சாய்வாக இறங்கும் கோடு, அதன் வழியே பால் நூல் பிடித்து மங்குக்கு வருவது, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று இருட்டிலேயே கிளம்பிப் போவது, எல்லாம் என் கண்ணால் கண்டது. பட்டை நனைந்தால் வேலை இல்லை என்பது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் எப்படி அப்படி எழுதினேன்?

பல நாள் யோசித்துப் பார்த்தேன். அந்த மழை என்னுடையது இல்லை, சரோஜா. எத்தனையோ தோட்டத்துக் கதைகளில், மேடை நாடகங்களில் பார்த்த மழை அது. தோட்டத்து அம்மா என்றால் மழையில் நனைய வேண்டும் என்று யாரோ போட்டு வைத்திருந்த படத்தை எடுத்து என் அம்மாவின் மேல் ஒட்டிவிட்டேன். சொந்த வாழ்க்கையை எழுதுகிறேன் என்றுதான் நினைத்தேன், எழுதியது அடுத்தவர்களின் கற்பனை. வாழ்ந்திருந்தால் மட்டும் அது தானாகக் கைக்கு வந்துவிடாது போலிருக்கிறது. மேலே ஒட்டியிருப்பதை உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"அப்ப மழை பெய்தா என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் கையை நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் வந்துவிட்டது. விடியற்காலை நாலு மணி. லயத்துக் கதவைப் பாதி திறந்து வைத்து, தகரக் கூரைக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். துளி விழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை, சம்பளமும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து படுக்க மாட்டார், அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். அடுப்பை உடனே மூட்டவும் மாட்டார். பசியாறுவதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டால் மத்தியானச் சாப்பாட்டோடு ஒப்பேற்றிவிடலாம் என்ற கணக்கு.

ஆனால் எங்களுக்கு? விழித்துப் பார்த்தால் அம்மா வீட்டில் இருக்கிறார்! மற்ற நாளில் நாங்கள் எழும்போது அவர் இருக்க மாட்டார், பக்கத்து வீட்டுப் பாட்டிதான் முகம் கழுவிவிடுவார். மழை நாளில் அம்மா மடியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொள்ளலாம். அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பூவோடு அம்மா கையால் சாப்பிடலாம். மழை வர வேண்டும் என்று நானும் அண்ணனும் சாமி கும்பிட்டிருக்கிறோம். அம்மாவுக்குச் சம்பளம் போன நாள் எங்களுக்குத் தீபாவளி. இதை நான் கதையில் எழுதவே இல்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, எழுதக் கூசியிருக்கிறேன். அம்மாவின் கஷ்டத்தை எழுதும்போது நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எப்படி எழுதுவது என்று கை தானாக விலகிப் போயிருக்கிறது. இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷம்தான் கதை.

திருப்பி எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணனுக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து போன் வந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அது எடது கை. சோத்துக் கையில விளக்கு இருக்கும்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். கதையில் இருந்த ஒரு விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். இன்னொன்றை எடுக்க மறுத்தேன், அதில் இன்றைக்கும் அவருக்கு வருத்தம் உண்டு. எல்லாரையும் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படியிருந்தால் ஒருவரும் எதையும் எழுத முடியாது. ஆனால் அந்த வாழ்க்கையில் அவருக்கும் பங்கு இருக்கிறது. நான் பார்க்காத பாதி அவரிடம் இருந்தது.

இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு ப. சிங்காரம்தான் ஞாபகத்துக்கு வருகிறார். சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில், 1938இல், இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர். யுத்தத்தை அங்கேயே பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மதுரையில் நாளிதழ் வேலை செய்துகொண்டே இரண்டே நாவல் எழுதினார். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி' நெடுநாள் காத்திருந்து 1972இல்தான் புத்தகமாயிற்று. நம் பினாங்கு இரண்டிலும் இருக்கிறது. வட்டிக்கடைகளும் கப்பல்துறையும் கடைத்தெருவும் ஜப்பான்காரன் காலமும், அங்கே நின்று மூச்சு விட்டவன் எழுதிய மாதிரி இருக்கும். பினாங்கு வீதியில் நடக்கும்போது செட்டியார்களின் பழைய கிட்டங்கிகளைப் பார்த்தால் எனக்கு அவர் வரிகளின் வாசம் அடிக்கும்.

அதே மனிதர் மேடானில் கல்யாணம் செய்து, பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தவர். பிறகு மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. மதுரையில் தனியாகவே வாழ்ந்து 1997இல் இறந்தார். அந்தப் பிரசவ அறை அவருடைய நாவல்களில் இல்லை. தெருவை, பேச்சை, பணக் கணக்கை, சண்டையை எல்லாம் எடுத்துக்கொண்டவர் அதை மட்டும் எடுக்கவில்லை. ஆனாலும் ஊரை விட்டுப் போய் எதையோ இழந்துவிட்டு நிற்கிறவனின் தவிப்பு பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. அது எங்கேயிருந்து வந்தது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், என் ஊகம்தான். நடந்ததைச் சொல்லாமலே அதன் பாரத்தை மட்டும் கதைக்குள் இறக்கி வைக்க முடியும் என்று அவரைப் படித்துத்தான் நம்பினேன்.

லாட்டின் 'கம்போங் பாய்' உன்னிடம் இருக்கிறதே, 1979இல் வந்தது, அதை மறுபடி எடுத்துப் பார். கோலாலம்பூரில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர் பேராக்கில் ஒரு கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், வளர்ந்த தன் பிள்ளைப் பருவத்தைப் பேனாவால் வரைந்தார். ஈயம் வாரும் கப்பல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே அலறிக்கொண்டு நிற்கும். பையன்களுக்கு அது வேடிக்கை. பிள்ளைக்கு வேடிக்கையாக இருந்ததை வேடிக்கையாகவே வரைந்தார். பெரியவர்களின் கவலை படத்தின் ஓரத்தில் தானாக வந்து நிற்கிறது. நான் முதல் கதையில் செய்யத் தவறியது அதைத்தான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நம் பினாங்கு ஓவியர் சுவா தியன் தெங். யுத்தத்துக்குப் பிறகு பாத்தேக் துணிப் பட்டறை வைத்து நடத்தினார், அது ஓடவில்லை. கையில் மிச்சமிருந்தது உருகிய மெழுகும் சாயமும் துணியும். அதை வைத்தே 1950களில் ஓவியம் வரைய ஆரம்பித்தார். பாத்தேக் ஓவியத்துக்கு அவரைத்தான் தந்தை என்கிறார்கள். தாயும் பிள்ளையும், மீனவர்கள், கம்பத்துப் பெண்கள் என்று வரைந்தார். ஆனால் அவர் படங்களில் அவருடைய சொந்தக் கதை எது என்று கேட்டால் அந்த மெழுகுக் கோடுதான் என்பேன். தொழில் கைவிட்டாலும், அந்தத் தொழில் கைக்குக் கற்றுக்கொடுத்தது போகவில்லை. வாழ்க்கையிலிருந்து எடுப்பது என்றால் சம்பவத்தை எடுப்பது என்று மட்டுமே நாம் நினைக்கிறோம். என் அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதும் ஒரு கை நீட்டல்தானே.

இப்போது உன் பக்கங்களுக்கு வருகிறேன். ஒளிக்காமல் சொல்கிறேன், நம்மிடம் ஒளிவுமறைவு என்றைக்கும் இருந்ததில்லை.

நான்காம் பக்கத்தில் அப்பா தள்ளாடி வருகிறார், தட்டைத் தூக்கி எறிகிறார், அம்மா மூலையில் நின்று அழுகிறார். பயிற்சிக் கல்லூரி நாட்களில் செந்தூலில் உன் வீட்டில் எத்தனை இரவு தங்கியிருக்கிறேன். அவர் தட்டை எறிந்து நான் பார்த்ததில்லை. நான் இல்லாத நாளில் எறிந்திருக்கலாம். அப்படியென்றால் அது எந்தத் தட்டு, மங்குத் தட்டா பீங்கானா, யார் பொறுக்கினார்கள் என்று எழுது. நான் பார்த்தது வேறு. குடித்துவிட்டு வந்த இரவுகளில் அவர் சத்தமே போட மாட்டார். வாசலில் குந்தி உட்கார்ந்து, வீட்டில் இருக்கிற செருப்பையெல்லாம் ஜோடி ஜோடியாக, முனை சமமாக அடுக்கிவைப்பார். என் செருப்பையும் சேர்த்து. அச்சகத்தில் ஈய எழுத்தைக் கோர்க்கிற அதே விரல்கள். அடுக்கி முடிக்கும் வரை உன் அம்மா விளக்கை அணைக்காமல் நிற்பார். அது ஏன் உன் பக்கங்களில் இல்லை? குடியை எழுதாதே என்று நான் சொல்லவில்லை. எழுது. ஆனால் அது உன் அப்பாவின் குடியாக இருக்கட்டும்.

ஏழாம் பக்கத்தில்தான் அவர் ஃபெரியில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நீ ரிப்போர்ட் கார்டை உன் பக்கமாக வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று தயங்கி நிற்க, எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே கணக்கு மார்க்கைப் படித்துவிட்டு, "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாரே, அந்த இடம். முப்பது வருஷம் எழுத்தைத் தலைகீழாகப் படித்தே பிழைத்த மனிதரிடம் எந்தப் பிள்ளை எதை ஒளிக்க முடியும்! அதே பக்கத்தில் இன்னொன்று, மை கறை போகாத விரலால் சோற்றைத் தொட மாட்டேன் என்று அவர் கரண்டியில் சாப்பிட்டது. அதை ஒரே வரியில் தாண்டிவிட்டாய். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் எல்லாரும் வாழை இலையில் கையால் சாப்பிட, இவர் கரண்டி கேட்டபோது என்ன நடந்தது? அது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். எழுதக் கூசுகிறாயோ என்றும் சந்தேகம். நான் கூசிய மாதிரி.

தம்பி என்ன சொல்வாரோ என்று பயப்படுகிறாய். காட்டு. முதலில் கோபப்படுவார். இங்கே பினாங்கில் ஆர்மேனியன் தெருவில் சைக்கிளில் போகிற இரண்டு பிள்ளைகளின் சுவரோவியம் தெரியுமில்லையா, லித்துவேனியாக்காரர் ஒருவர் 2012இல் வரைந்தது. போகும்போதெல்லாம் அதன் முன் படம் எடுக்க வரிசை நிற்கிறது. அதற்கு நின்றவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான், இப்போது வளர்ந்திருப்பார்கள். சுவரில் மட்டும் இன்னும் அதே வயது. அந்த வழியாகப் போகும்போது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப்பார்ப்பதுண்டு. உன் தம்பியும் உன் பக்கத்தில் எட்டு வயதாகவே நிற்கப் போகிறார். அவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

பள்ளி விடுமுறைக்கு வருவதாக எழுதியிருந்தாய். கட்டாயம் வா, ரயிலிலேயே வா, பட்டர்வொர்த்தில் இறங்கினால் அம்மாவைப் பார்த்துவிட்டு ஃபெரியில் சேர்ந்து வரலாம். அம்மா உன்னை இன்னும் 'அச்சுக்கூடத்தார் மக' என்றுதான் கேட்கிறார். வரும்போது அப்பாவின் அந்த எழுத்துக் கோர்க்கும் இரும்புச் சட்டத்தை எடுத்து வா. ஒரு முறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அதற்குள் ஒன்று மட்டும் எழுதி அனுப்பு. அவர் நின்றுகொண்டு கோர்ப்பாரா, உட்கார்ந்தா? எந்தக் கையில் சட்டம், எந்தக் கையால் எழுத்தைப் பொறுக்குவார்? தெரியவில்லை என்றால் தம்பியைக் கேள்.

அன்புடன்,
இந்திரா
ஆயர் ஈத்தாம், பினாங்கு